அயினிப்பலகை லாரி

என் சொந்த லாரியின் முன்னிருக்கையில் நான் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. ஒன்பது வருடம் அந்த வண்டி என் பேரில் ஓடியது. பூதப்பாண்டியிலிருந்து கோட்டாற்றுச் சந்தைக்கு நெல், கோட்டாற்றிலிருந்து அருமனைக்கு உப்பு, அங்கிருந்து திரும்பும்போது தேங்காய் என்று அது சுமந்து சம்பாதித்ததெல்லாம் என் வீட்டுக்குத்தான் வந்தது. ஆனால் நானும் கூடப் போக வேண்டி வந்தால் பின்னால் ஏறி மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொள்வேன். வெயிலோ சாரலோ, எனக்கு இடம் அங்கேதான். வண்டிக்கு உடையவன் கூலிக்காரனைப்போல மேலே உட்கார்ந்து போவதைப் பார்த்து வழியில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். "பிள்ளைவாள் காத்து வாங்குதாரு" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். முன்னால் ஓட்டுகிறவனுக்கு இடதுபக்கம் இருந்த இருக்கை மற்றவர்களுக்குக் காலியாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

அது என் மாமா உட்கார்ந்த இடம். என் அம்மாவின் அண்ணன். வண்டியை வாங்கியவர் அவர்தான். இருபதுகளின் நடுவில் எங்கள் பக்கம் லாரி என்பது பார்க்கப் போகிற பொருள். மாமா வாங்கியபோது தோவாளையிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு இடதுபக்கம் உட்கார்ந்து, சன்னல் வழியாக வெளியே துப்பிக்கொண்டே வருவார். சன்னலுக்குக் கீழே பலகையில் அந்தச் சிவப்பு இறங்கி ஊறிவிட்டது. எத்தனையோ மழைக்கும் அது போகவில்லை. நான் ஒருமுறை சவுக்காரம் போட்டுத் தேய்க்கச் சொன்னேன், பிறகு நானே வேண்டாம் என்றேன்.

அந்தக் காலத்தில் லாரி முழுதாக வராது. கப்பலில் வந்து இறங்குவது எஞ்சினும் இரும்புச் சட்டமும் சக்கரங்களும் மட்டும்தான். ஓட்டுகிறவன் உட்காரும் அறை, சரக்கு ஏற்றும் பெட்டி எல்லாம் இங்கே ஆசாரியை வைத்து மரத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். மாமா செலவில் கை இறுகியவர். வெளியே மரம் வாங்க மனம் வராமல் எங்கள் குடும்ப வீட்டுப் பின்புறம் நின்ற அயினி மரத்தை வெட்டினார். நல்ல முற்றிய மரம். அறுத்தபோது பலகை மஞ்சளாகப் பளபளவென்று இருந்தது. ஆசாரி தட்டிப் பார்த்து, இரும்பு துருப்பிடித்துப் போனாலும் இது நிற்கும் என்றார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கையிலிருந்த காசு மிஞ்சியது என்று அன்று நினைத்தார்.

அந்த மரம்தான் அவருக்கு வினையாகப் போயிற்று. அதைச் சொல்ல எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் நாஞ்சில்நாட்டு வேளாளர் வீடுகளில் அப்போது மருமக்கள் வழி. ஒருவர் செத்தால் அவர் சொத்து மகனுக்குப் போகாது, உடன்பிறந்தாளின் மகனுக்குப் போகும். பெற்ற மகனைத் தோளில் தூக்கிக் கொஞ்சலாம், பள்ளிக்கு அனுப்பலாம், பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடலாம். சொத்து மட்டும் மருமகனுக்கு. தன் கையால் சம்பாதித்ததை, உயிரோடு இருக்கும்போதே, மகன் பேருக்கு எழுதிவைக்க வழி இருந்தது. குடும்பச் சொத்து என்றால் அது நடக்காது, வாரிசான மருமகன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். லாரி மாமா சம்பாதித்தது. அதன் உடம்போ குடும்ப வீட்டு மரம். அது யாருடையது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். மருமகன் நான் ஒருவன்தான். மாமாவுக்கு மகனும் ஒருவன்தான், அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது.

ஆடி மாதம் பிறந்து மூன்றாம் நாள் காலையில் மாமா ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார்.

"மக்கா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. வண்டிய பையன் பேருக்கு எழுதிவைக்கலாம்னு பாக்கேன். மரம் நம்ம வீட்டு மரமாப் போச்சு. நாளைக்கு ஒருத்தன் வாய் தொறக்கப்பிடாதுல்லா?"

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கு அந்த லாரிமேல் ஆசை இருந்தது. இல்லை என்று இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அது எனக்கு வரும் என்றுதான் அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்திருந்தேன். ஆனால் மாமாவிடம் மாட்டேன் என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. நாக்கு தானாக ஒரு வழி கண்டுபிடித்தது.

"அதுக்கென்ன மாமா, போட்டாப் போச்சு. ஆனா ஆடி மாசம்லா? ஆடியில எவனாவது நல்ல காரியம் எழுதுவானா? கழியட்டும். ஆவணி பொறந்த அன்னைக்கே போட்டுத் தாறேன்."

மாமா ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "எனக்கு அந்த ஓர்மையே இல்லாமப் போச்சு பாரு" என்றார். காகிதத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். ஆடியில் துடைப்பம்கூட வாங்காத மனுஷர் அவர். அப்படிப்பட்டவர் ஆடியில் ஏன் அந்தக் காகிதத்தோடு வந்தார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பின்னால் உறைத்தது. ஒன்பது வருடம் அந்தக் கேள்வியோடுதான் நான் மூட்டைமேல் உட்கார்ந்து போனேன்.

ஆடி பத்தொன்பதோ இருபதோ, சரியாக நினைவில்லை. கோட்டாற்றில் நெல் இறக்கிவிட்டு வண்டி மத்தியானம் திரும்பியது. அப்போது ஓட்டியது கூலிக்கு வந்த ஒரு டிரைவர். முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "முதலாளி நல்ல உறக்கம். கோட்டாறு தாண்டும்போதே கண்ணசந்துட்டாரு" என்று என்னிடம் சிரித்தான். நான் போய்க் கதவைத் திறந்தேன். மாமா சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாய் ஓரத்தில் வெற்றிலைச் சாறு. "மாமா, வீடு வந்தாச்சு" என்று முழங்காலைத் தொட்டேன். அந்த முழங்கால் இருந்த குளிர்ச்சி இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது. செத்தவரைச் சுமந்துகொண்டுதான் வண்டி அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வண்டி என்னிடம் வந்தது. யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அதுதானே வழக்கம். அம்மா மட்டும் அண்ணன் போன துக்கத்திலும், "உனக்கு உள்ளது உனக்கு" என்றாள். அந்தக் காகிதத்தை நான் நெல் அவிக்கிற அடுப்பில் போட்டேன். போட்டுவிட்டு, அது முழுதாக எரிகிறவரை நின்று பார்த்தேன். காகிதம் ஒன்று இருந்ததே மாமாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது என்று நம்பினேன். ஆடியைச் சொன்னது நம்பிக்கையினாலா, பேராசையினாலா என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒருநாள் ஒரு பதில் வரும், மறுநாள் வேறொரு பதில் வரும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கொடுமை, சில மாதங்களில் சட்டமே மாறிவிட்டது. மகனுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு என்று ஆகிவிட்டது. மாமா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் காகிதமும் தேவையில்லை, என் கையெழுத்துக்கும் அவசியமில்லை. ஊரில் மற்றவர்கள் சட்டத்தைப் பற்றி வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

மாமாவின் மகன், என் மச்சினன், வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு வருடத்துக்குள் எனக்கு டிரைவராக வந்து சேர்ந்தான். அவனாகத்தான் வந்து கேட்டான். நான் உடனே சரி என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நல்ல சம்பளம் கொடுத்தேன். அது எனக்கு ஒரு பெரிய ஆறுதல். லாரி அவன் கையில்தானே இருக்கிறது, காகிதத்தில் யார் பேர் இருந்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் அத்தை, மாமாவின் மனைவி, காலையில் வந்து அந்த இடதுபக்க இருக்கையில் ஒரு வெற்றிலையும் ஒரு துண்டுப் பாக்கும் வைத்துவிட்டுப் போவாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள், முறைக்கவும் மாட்டாள். வெற்றிலையை யாரும் எடுக்கமாட்டார்கள். அது அங்கேயே காய்ந்து சருகாகும். அடுத்த வெள்ளிக்கிழமை புது வெற்றிலை வரும். மச்சினன் அந்த இருக்கையில் ஆள் ஏற்றமாட்டான், ஒரு சாக்குப்பையைக்கூட வைக்கமாட்டான். பிறகு நான் எங்கே உட்காருவது?

வண்டியை அவன் பார்த்துக்கொண்ட விதம் அப்படி. ஒரு ஆணி தளர்ந்தால் பொறுக்கமாட்டான். ஓய்வுநாளிலும் அதன் அடியில் படுத்துக் கிடப்பான். ரேடியேட்டரில் தண்ணீர் கசிந்தபோது எங்கோ கேட்டறிந்து வந்து முட்டையின் வெள்ளைக்கருவை அதில் ஊற்றினான். சைவ வீட்டு வண்டி முட்டை குடித்தது என்று ஊரே கேலி செய்தது. ஆனால் கசிவு நின்றது. தகப்பன் வாங்கிய வண்டிமேல் இவனுக்கு எவ்வளவு உயிர் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. ஒவ்வொரு ஆடியிலும் வண்டி எங்காவது வழியில் நின்றுவிடும். ஒரு வருடம் தக்கலையில், ஒரு வருடம் அருமனை ஏற்றத்தில், ஒரு வருடம் எங்கள் ஊர் எல்லையிலேயே. நான்காவது வருடமும் அப்படியே நின்றது. மூட்டைமேலிருந்து இறங்கிப் போய் மச்சினனிடம், "இது என்னன்னுலே ஆடியில மட்டும் நிக்கி?" என்று கேட்டேன். அவன் தலையை நிமிர்த்தாமலே, "ஆடியில சாரல்லா அத்தான். நனைஞ்சா தீப்பொறி விழாது. வேற ஒண்ணும் இல்ல" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நான் நம்பவில்லை.

முப்பதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதப் பாதியில், அருமனையிலிருந்து தேங்காய் ஏற்றி வரும்போது எஞ்சின் வெடித்துவிட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு இருமல் மாதிரி. பிறகு வெந்நீர் தரையில் கொட்டியது. இரண்டு சோடி மாட்டைக் கட்டி வண்டியைக் கோட்டாறுவரை இழுத்துக்கொண்டு வந்தோம். லாரியை மாடு இழுக்கிற வேடிக்கையைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அன்று நான் மூட்டைமேலும் உட்காரவில்லை, கூடவே நடந்தேன்.

கோட்டாற்றில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒரு சாயிபு. எங்கள் பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். மச்சினனையும் கூட வைத்துக்கொண்டு இரண்டு நாள் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளைவாள், எஞ்சின் விரிஞ்சுபோச்சு. விரல வச்சுப் பாருங்கோ, நகம் உள்ள போகும். ஒட்டலாம். ஒட்டுனா ஆறு மாசம். ஆண்டவன் நெனச்சா ஒரு வருஷம். இல்லேன்னா, மார்த்தாண்டத்துல ஒரு பஸ்சு எலும்புக்கூடாக் கெடக்கு. எஞ்சின் நல்ல எஞ்சின். அதக் கொண்டுவந்து இதுல வைக்கலாம். அதுவும் இல்லேன்னா புதுசு எடுத்துருங்கோ. எஞ்சினும் சட்டமும் புதுசு, மேல பலகை ஒங்க பலகைய அப்படியே தூக்கி வச்சுரலாம். அயினி ஒண்ணும் ஆகல்ல. இன்னும் ஒரு தலைமொற நிக்கும்."

"பலகையும் புதுசாச் செஞ்சா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "நல்ல பலகைய எதுக்கு வேய் எரிக்கணும்?" என்றார்.

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் ஒரு பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். "நீ என்ன சொல்லுக?" என்றேன். "அத்தான் இஷ்டம்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு நானாக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன். தகப்பன் வண்டியைக் கொன்றுவிடாதே என்று அவன் கெஞ்சுவதாக எனக்குப் பட்டது. அந்த வருடம் மாசியில்தான் அத்தையும் போய்ச் சேர்ந்திருந்தாள். இருக்கையில் கடைசி வெற்றிலை தூளாகிக் கிடந்தது. அதை யாரும் தட்டிவிடவில்லை.

அதற்குப் பின் வந்த பத்து நாள் என் பிழைப்பு நாய் பட்ட பாடு. ஆவணியில் கன்னிப்பூ நெல் அறுவடை வரும், அதற்குள் வண்டி வேண்டும். மார்த்தாண்டத்து எஞ்சினை வேறொருவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாகர்கோவிலில் புது வண்டி தருவிக்கிற கடைக்காரரோ, ஒன்று வந்து நிற்கிறது, இப்போதே சொன்னால்தான் ஆயிற்று என்று ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். சரக்குக் கொடுக்கிறவர்கள் வேறு ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். சோற்றில் உப்பு இல்லை என்று கத்தினேன், பிறகு உப்பு அதிகம் என்று கத்தினேன்.

என் ஆசை எனக்குத் தெரியும். அந்த வண்டி ஒழிய வேண்டும். எஞ்சின் மட்டும் ஒழிந்தால் போதாது, அந்தச் சிவப்பு ஊறிய பலகை, அந்த இருக்கை, அத்தனையும் என் கண்ணில் படாமல் போக வேண்டும். புது வண்டி, புது மரம், புது ஆசாரி. அதில் நான் முன்னால் உட்கார்ந்து மனுஷனைப்போல் போக வேண்டும். ஆனால் அப்படி நினைத்த உடனே, மாமாவை இரண்டாம் முறை கொல்கிற மாதிரி இருந்தது. வண்டி நின்று கிடந்த பட்டறைக்குப் போனால் அந்த இடதுபக்கக் கதவு லேசாகத் திறந்திருக்கும். காற்றில் ஆடும். மத்தியான வெயிலில், பத்துப் பேர் சுத்தியல் போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், எனக்கு அந்தக் கதவைத் தாண்டிப் போகக் கால் வராது. உள்ளே யாரோ சாய்ந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, ஒரு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். சுற்றிக்கொண்டு பின்புறமாகப் போவேன்.

பத்தாம் நாள் கடைக்காரரே நேரில் வந்துவிட்டார். "நாளையோட ஆனி முடியுது. என்ன, எடுக்கியளா இல்லையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். திறந்தபோது என் நாக்கில் தயாராக வந்து நின்ற வார்த்தை என்ன தெரியுமா? ஆடி கழியட்டும். அதே வார்த்தை, அதே சாமர்த்தியமான குரலில். நல்லவேளை, பாதியில் விழுங்கிவிட்டேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அவரிடம், எடுத்துக்கொள்கிறேன், மேலே பலகையும் புதிதாகவே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த நொடியிலேயே மற்றதையும் முடிவுசெய்தேன். பழைய வண்டியை என் செலவில் எஞ்சின் மாற்றி ஓடும்படி செய்து, மச்சினன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. காகிதத்தைப் பற்றியும் அவனிடம் சொல்லிவிடுவது. ஒன்பது வருடம் கழித்தாவது மாமாவுடைய சொல் நிறைவேறட்டும். எனக்கு ஒரு வண்டி, அவனுக்கு ஒரு வண்டி. அவனுக்கு உயிரான வண்டி.

மனசு எவ்வளவு லேசாகிவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பட்டறைக்கு நடந்து போகும்போது தெருவில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் நின்று குசலம் கேட்டேன். அவன் என்ன சொல்வான், அழுவானா, காலில் விழவருவானா, விழவந்தால் எப்படித் தடுப்பது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அந்த நேரத்தில் என்னை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மேஸ்திரி தொழுகைக்குப் போயிருந்தார். மச்சினன் மட்டும் வண்டியின் மூக்குப்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி உனக்குத்தான், எஞ்சின் என் செலவு, பேர் மாற்றித் தருகிறேன் என்றேன்.

அவன் கையை ஒரு கந்தைத் துணியில் துடைத்தான். "எதுக்கு அத்தான்?" என்றான்.

"மாமாவுக்கு அதுதான் ஆசை. சாகதுக்கு முன்னால ஒரு காகிதம் எங்கிட்ட கொண்டுவந்தாரு. உனக்குத் தெரியாது..."

"தெரியும்" என்றான். "அத எழுதுனதே நான்தான். அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுனேன்."

பக்கத்திலிருந்த டயரில் உட்கார்ந்துவிட்டேன். இவனுக்குத் தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும். நான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும், சம்பளம் எண்ணிக் கொடுத்த ஒவ்வொரு மாதமும், இவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஆடியில போகாண்டாம், அத்தான் ஒத்துக்கிடமாட்டாருன்னு நான் சொன்னேன்" என்று அவனே தொடர்ந்தான். "அவரு கேக்கல்ல. தக்கலையில ஒருத்தரு வண்டிய எடுத்துக்கிடுகேன்னு நின்னாரு. அத வித்து என்னத் திருவனந்தபுரத்துல காலேஜ்ல சேக்கணும்னு அப்பாவுக்கு. எனக்கு எடம் கெடச்சிருந்துல்லா. ஆடி பாதிக்குள்ள போய்ச் சேரணும். அதுக்கு மேல எடம் வச்சிருக்கமாட்டாங்க."

"விக்கவா? மாமாவா இந்த வண்டிய விக்க நெனச்சாரு?"

"ஊரே பாக்க வாங்குன வண்டில்லா? விக்கப்போறேன்னு சொல்ல அவருக்கு வெக்கம். அதான் ஒங்ககிட்டயும் சொல்லல்ல."

மாமா ஆடியில் ஏன் வந்தார் என்பது இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாரே, அப்போது அதைச் சொல்லிவிடலாமா என்றுதான் யோசித்திருப்பார். சொல்லியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சிருந்தும் நீ ஏம்லே எங்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல?" என்றேன். அது கோபம் மாதிரி வெளியே வந்தது.

"என்னன்னு கேக்க அத்தான்? ஆடி கழியட்டும்னு சொன்னிய. கழிஞ்சுது."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான்.

"அப்போ இத்தன வருஷமா இந்த வண்டிய நீ உயிராப் பாத்துக்கிட்டது? லீவு நாளுகூட அடியில கெடப்பியே?"

"அது அம்மைக்கு வேண்டியாக்கும். வண்டி ஓடுத மட்டும் அப்பா அதுல இருக்காருன்னு அவ நெனப்பு. நின்னுச்சுன்னா அவளும் விழுந்துருவான்னு எனக்குப் பயம். அதான் நிக்க விடல்ல. இப்போ அவளும் இல்ல. எனக்கு இந்தச் சவத்தக் கண்டாலே பிடிக்காது அத்தான். மொத நாள்ல இருந்தே பிடிக்காது. இதுக்குப் போய் எஞ்சின் வாங்காதிய. ரிப்பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கெடந்து போட்டும்."

செத்துப்போனவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பயந்து பயந்து ஒன்பது வருடம் ஓட்டினேன். உயிரோடு ஒருவன் அதே வண்டிக்குள், அந்த இருக்கைக்கு ஒரு முழம் தள்ளி, தனக்குப் பிடிக்காத வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை நான் பார்க்கவே இல்லை. நான் அழுதேன். அவன் அழவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல்ல. என்ன வேணும்னாலும் சொல்லு. நான் படிக்க வைக்கேன்" என்று உளறினேன்.

முதல்முறையாகச் சிரித்தான். "ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் காலேஜுக்குப் போவானா? பிள்ளையளே சிரிக்கும்."

தொழுகை முடிந்து மேஸ்திரி தெருமுனையில் வருவது தெரிந்தது. மச்சினன் எழுந்து வேட்டியைத் தட்டி மடித்துக் கட்டினான். கழற்றிய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டின்னில் போட்டான். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவன்போல என் பக்கம் திரும்பினான்.

"புது வண்டி என்னைக்கு வருகு அத்தான்?"

"பலகை கட்டி முடிய ஆவணி ஆகும்."

"ஓட்ட ஆளு பாத்தாச்சா?"

அவன் தந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"பாக்கல்லேன்னா என்னையே வச்சுக்கிடுங்கோ. எனக்கு வேற என்ன தெரியும்?"

கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். புது இடத்தில் வேலை கேட்டு வந்தவனைப்போல, டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, என் பதிலுக்காக நின்றான். சரி என்று சொன்னேன்.